மெல்லப் பேசினால் வெட்டிவிடும்

நாமக்கல்
9-6-2024

அன்பு மகள் தனப்பிரியாவுக்கு அப்பா எழுதிக்கொண்டது. நானும் உங்கம்மாவும் சொகம். நீயும், உன்னைத் தன் ஊட்டில் சேர்த்து வைத்திருக்கும் உன் காலேஜ் சிநேகிதி அன்புச்செல்வியும் சொகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே வெயில் இன்னும் இறங்கவில்லை. தெருக்குழாயில் வாரத்துக்கு ஒரு நாள்தான் தண்ணி. உனக்கு மேட்டூரில் அந்தக் கஷ்டம் இருக்காது.

நான் கடுதாசி எழுதி முப்பது வருசம் இருக்கும் சாமி. "போன்ல கூப்பிட வேண்டாம்னு சொல்லுங்க, கூப்பிட்டா அப்பா மட்டும்தான் பேசுவாரு, எழுதச் சொல்லுங்க" என்று நீ வக்கீலிடம் சொல்லி அனுப்பினது எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. இருந்தாலும் எழுதுகிறேன்.

விசயத்துக்கு வாரேன். மண்டிப் போனில் நான் ஒரு ரெக்கார்டிங் பெட்டி மாட்டியிருப்பது உனக்குத் தெரியும். காலையில் மக்காச்சோளத்துக்கு ஒரு ரேட்டைப் பேசிவிட்டு மத்தியானம் "நான் எங்க சொன்னேன்" என்று கேட்கிறவனுக்காக மாட்டினது. கல்யாணமாகி ஓமலூரில் மாமியார் ஊட்டில் இருந்த ரெண்டு வருசமும் நீ மண்டிக்குப் பேசினதெல்லாம் அதில் விழுந்து கிடக்கிறது. எனக்கே நெனப்பில்லை. வக்கீல் தீனதயாளன் கேட்டதற்கு அப்புறம்தான் பார்த்தேன். மொத்தம் இருபத்திமூணு போன் கால். உன் விவாகரத்துக் கேசுக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை என்கிறார். கோர்ட்டுக்குச் சிடியில் எழுதித்தான் குடுக்கணுமாம். ஒரு காலுக்கு ஒரு டிராக், தேதி வரிசைப்படி. ஜட்ஜு ஏழாம் நம்பரைப் போடு என்றால் ஏழாவது கால் பேசணும்.

அங்கேதான் சிக்கல். பெட்டி, உன் நம்பரில் இருந்து வந்ததை எல்லாம் ஒரே நீளமாகச் சேர்த்து வைத்திருக்கிறது. காலுக்குக் கால் நடுவில் மூணு செகண்டு வெத்திடம். மண்டிக் கம்ப்யூட்டரில் இருப்பதெல்லாம் நீ காலேஜ் படிக்கும்போது போட்டுக்குடுத்த, காசில்லாமல் கிடைக்கிற சாப்ட்வேர். அதில் சிடி எழுதுகிறது ஒன்று இருந்தது. சத்தமில்லாத இடமாகப் பார்த்துத் தானே வெட்டித் தனித்தனி டிராக் ஆக்கும் என்று போட்டிருந்தது. இருபத்திமூணு வரும் என்று உட்கார்ந்திருந்தால் நூத்திநாப்பத்தொன்னு வருகிறது! சிடியில் தொண்ணூத்தொம்பதுக்கு மேல் ஏறாது என்று சொல்லி அதுவும் நின்றுவிட்டது.

வெளியே கடையில் குடுத்தால் ஒரு மணி நேரத்தில் முடித்துக் குடுப்பார்கள். நம்ம ஊட்டுப் பேச்சை அடுத்தவன் காதில் போட எனக்கு இஷ்டமில்லை. நானும் இன்னும் உட்கார்ந்து கேட்கவில்லை. எண்ணத்தான் பார்த்தேன்.

நீ சரி என்று ஒரு வரி எழுது. வண்டியை எடுத்தால் ரெண்டரை மணி நேரம், மேட்டூர் வந்துவிடுவேன். நீயே பார்த்துச் சரி பண்ணிக் குடு. வேளைக்குச் சாப்பிடு.

அப்பா
அப்புசாமி


மேட்டூர்
22-6-2024

அப்பாவுக்கு வணக்கம். நலம். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்க.

வராதீங்க. கடைசியாக நான் பையோடு நாமக்கல்லில் வந்து இறங்கினப்ப நீங்க வண்டியை எடுத்தது என்னைத் திரும்ப ஓமலூரில் கொண்டுபோய் விடத்தான். முன் சீட்டில் அவங்க வீட்டுக்கு ஒரு கூடை மாம்பழம் வெச்சிருந்தீங்க. நான் பின்னால் உட்கார்ந்து வந்தேன். அந்த வண்டி இந்தத் தெருவுக்கு வர வேண்டாம்.

சாப்ட்வேர் விசயம். அது காதால் கேட்டு வெட்டுவதில்லை, அளவு பார்த்து வெட்டுகிறது. உள்ளே மைனஸ் நாற்பத்தெட்டு டெசிபல் என்று ஓர் அளவு இருக்கும். அதற்குக் கீழே போகிற குரலை எல்லாம் 'இங்கே யாரும் பேசவில்லை' என்று எடுத்துக்கொள்ளும். அமைப்புகளுக்குள் போய் அதை மைனஸ் அறுபது ஆக்கிப் பாருங்க.

எந்தெந்த இடத்தில் தப்பாக வெட்டுகிறது என்று தெரியாமல் நான் இங்கிருந்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு டிராக்கும் என்ன பேச்சில் முடிகிறது, அடுத்தது என்ன பேச்சில் ஆரம்பிக்கிறது என்று எழுதி அனுப்புங்க. அதற்கு நீங்க கேட்கணும். எண்ணினால் போதாது.

ஸ்கூலில் அட்மிஷன் வேலை நடக்கிறது. கம்ப்யூட்டர் டீச்சர் என்று பேர், ஃபீஸ் ரசீதும் நான்தான் போடறேன். பதில் தாமதமாகலாம்.

தனப்பிரியா


நாமக்கல்
2-7-2024

சாமிக்கு, இங்கு எல்லாரும் சொகம். உங்கம்மாவுக்கு முழங்கால் வலி இருந்த மாதிரியேதான். உன் கடுதாசியைப் படிக்கச் சொல்லி ரெண்டு தடவை கேட்டாள்.

மாம்பழ விசயம் படித்தேன். அதற்குப் பதில் எழுதி ரெண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். முதலில் வேலையைப் பார்ப்போம்.

நீ சொன்ன மாதிரி அளவை அறுபதாக்கினேன். பிரயோசனமில்லை. அதே நூத்திநாப்பத்தொன்னு. மூடித் திறந்து பார்த்தால் மறுபடி நாப்பத்தெட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. நம்ம ஒறம்பரைச் சொந்தங்களில் சிலபேர் இருக்கிறார்களே, தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு எந்திரிச்சுப் போய்த் தான் நெனச்சதைச் செய்கிறவர்கள், அந்த ஜாதி சாப்ட்வேர் இது.

வெட்டினதில் ஒரு விசித்திரம் பார்த்தேன். முதல் பத்து கால் முழுசாக வருகிறது. ஒரு வெட்டில்லை. பதினொன்னாவது காலில் இருந்துதான் கொத்திப் போடுகிறது. சத்தமில்லை என்று அது நெனக்கிற இடத்தைக் கழித்தும் விடுகிறது. நீ கேட்டபடி எழுதினதில் கொஞ்சம்:

டிராக் 12 முடிவது, என் குரல்: "ம், சொல்லு." டிராக் 13 ஆரம்பம், என் குரல்: "அதெல்லாம் எல்லா ஊட்லயும் இருக்கறதுதான்."

டிராக் 13 முடிவது, என் குரல்: "ஹலோ? ஹலோ?" டிராக் 14 ஆரம்பம், என் குரல்: "லோடு வந்து நிக்குது சாமி, அப்பறம் பேசலாம்."

இப்படி நூத்திப் பதினெட்டு இடம். பதினொன்னில் இருந்து எல்லா டிராக்கும் என் குரலில் ஆரம்பித்து என் குரலிலேயே முடிகிறது. உன் குரலைக் காணோம். நான் மட்டும் நின்று தனியாகப் பேசிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் ஒருத்தர் அப்படிப் பேசிக்கொண்டு திரிவார், அவர் நெனப்பு வந்தது. ஓமலூர்ப் பக்கம் லைன் மோசமோ? அதென்ன பதினொன்னில் இருந்து மட்டும் அப்படி?

மழை பெய்தால் நனையாதே. உனக்குச் சளி பிடித்தால் நெம்ப நாள் போகாது.

அப்பா


மேட்டூர்
20-7-2024

அப்பாவுக்கு வணக்கம். எனக்குச் சளி இல்லை. அம்மாவை முழங்காலுக்கு டாக்டரிடம் கூட்டிப் போங்க. தைலத்தோடு விடாதீங்க.

லைன் மோசம் இல்லைங்க.

அளவை மாற்றினப்ப சரியாக என்ன டைப் பண்ணீங்க? முன்னால் மைனஸ் போட்டீங்களா, வெறும் அறுபதா?

இந்தச் சாப்ட்வேரை எழுதினவங்க யாரும் சம்பளத்துக்கு எழுதவில்லை. உலகத்தில் அங்கங்கே உட்கார்ந்து நேரம் கிடைக்கும்போது செய்கிறவங்க. அவங்களுக்கு எழுதிக் கேட்டேன். ஒருத்தர், இந்தக் காலத்தில் யார் சிடி எழுதறாங்க என்று கேட்டார். எங்க ஊர்க் கோர்ட்டு என்று பதில் போட்டேன். இன்னொருத்தர் மூன்று நாள் பார்த்துக் கண்டுபிடித்தார். மைனஸ் இல்லாமல் போட்டால் அது தப்பு என்று சொல்லாது. வாங்கிக்கொண்ட மாதிரி காட்டும். பிறகு பேசாமல் தன் பழைய அளவுக்கே போய்விடும். "எங்கள் பிழைதான், கேட்டுக்கொண்ட மாதிரி காட்டுவது கேட்காமல் இருப்பதைவிட மோசம், அடுத்த பதிப்பில் திருத்திவிடுகிறோம்" என்று எழுதியிருந்தார். அந்த வரியை ரெண்டு மூன்று தடவை படித்தேன்.

பதினொன்றில் இருந்து ஏன் என்று கேட்டிருந்தீங்க. பத்தாவது காலின் கடைசியைக் கேளுங்க. அதற்குப் பதில் எனக்கு எழுத வேண்டியதில்லை.

தனப்பிரியா


நாமக்கல்
29-7-2024

சாமிக்கு, அப்பா எழுதுவது. சொகம். ஆடிக்காத்து மண்டிக்குள் வந்து தவிட்டை எல்லாம் கிளப்புகிறது. உங்கம்மாவை டாக்டரிடம் காட்டியாச்சு.

மைனஸ் போடவில்லை. நீ சரியாகப் பிடித்தாய். கை வரவில்லை சாமி. சைக்கிளில் முட்டை அட்டை கட்டிக்கொண்டு போன நாளில் இருந்து கழித்தல் குறியை முன்னால் வைத்து நான் ஒரு எண்ணும் எழுதினதில்லை. நஷ்டத்தில் ஆரம்பிக்கிற மாதிரி ஆகிவிடும் என்று ஒரு பயம். மெசினிடம் போய்ச் சகுனம் பார்த்திருக்கிறேன். சிரித்தால் சிரித்துக்கொள்.

இன்றைக்கு மைனஸ் அறுபது என்று போட்டேன். முப்பத்தொன்னு வந்தது. இருபத்திமூணுக்கு இன்னும் எட்டு வெட்டுத்தான் அதிகம். உன் குரல் வந்துவிட்டது! நெம்ப மெல்லத்தான், ஸ்பீக்கரை முழுசாகத் திருகி வைத்துக் காதைக் கிட்டக் கொண்டுபோனால் கேட்கிறது. ஏன் இவ்வளவு மெதுவாகப் பேசினாய் என்றுதான் தெரியவில்லை. சின்னதில் இருந்தே கணீரென்று பேசுகிறவள் நீ.

பத்தாவதின் கடைசியை இனித்தான் கேட்கணும். வெளியே லாரி நிற்கிறது. அனுப்பிவிட்டு உட்கார்ந்து கேட்டு நாளைக்கு விவரமாக எழுதுகிறேன்.

அப்பா


மேட்டூர்
14-9-2024

அப்பாவுக்கு வணக்கம். நான் நலம். நீங்க இரண்டு பேரும் எப்படி இருக்கீங்க?

நாளைக்கு எழுதுகிறேன் என்று நீங்க எழுதி ஏழு வாரம் ஆகிறது. அம்மாவை நாலு தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. உடம்பு சரியில்லையா? பிரஷர் மாத்திரை ஒழுங்காகப் போடறீங்களா, இல்லை மண்டி டிராயரிலேயே கிடக்கிறதா? அக்டோபர் 21 விசாரணை, சிடி இன்னும் கைக்கு வரவில்லை என்று வக்கீல் சொன்னார்.

கோபத்தில் கேட்கவில்லை. இரண்டு வரி போடுங்க.

தனப்பிரியா


நாமக்கல்
22-9-2024

தனப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது.

உடம்புக்கு ஒன்றுமில்லை. மாத்திரை போடுகிறேன். உட்கார்ந்து பேனாவை எடுத்தால் கை நகரவில்லை, அதுதான்.

பத்தாவது காலைக் கேட்டேன். நீ பேசுவதற்குப் பின்னால் குழாயில் இருந்து தண்ணி விழுகிற சத்தம். திரும்பப் போய் முதல் காலில் இருந்து கேட்டேன். எல்லாவற்றிலும் தண்ணி விழுகிறது. அந்தச் சத்தம் அளவுக்கு மேலே இருந்ததால்தான் முதல் பத்தையும் மெசின் வெட்டவில்லை. பத்தாவதின் கடைசியில் என் குரல் வருகிறது. "அதென்ன சாமி எப்பப் பேசினாலும் தண்ணிச் சத்தம்? மொதல்ல குழாயை நிறுத்து. நாங்க இங்க கொடம் கொடமா அலையறம், அங்க தெறந்து உட்டுட்டுப் பேசற. தண்ணியருமை தெரியாம வளத்துட்டாங்கன்னு உன் மாமியா சொல்லாதா?"

கிறீச்சென்று குழாயைத் திருகுகிற சத்தம் கேட்கிறது. அதோடு கால் முடிகிறது.

அப்புறம் வந்த பதிமூணு காலிலும் தண்ணி இல்லை. உன் குரலும் பாதிக்குப் பாதி.

பாத்ரூமுக்குள் நின்று பேசியிருக்கிறாய். கதவுக்கு அந்தப் பக்கம் ஆள் இருந்திருக்கிறது. உன் பேச்சு அவர்கள் காதில் விழக் கூடாது என்று தெறந்து விட்ட தண்ணியை நான் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். சொன்னதும் நிறுத்தியிருக்கிறாய். ஏன் தெறந்தேன் என்று நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பதினேழாவது காலைப் பத்தி எழுதியே ஆகணும். நீ சொல்கிறாய், "அப்பா, கையைத் தூக்க முடியலைங்க." நான், "ஹலோ, ஹலோ, சத்தமாப் பேசு" என்கிறேன். நீ மறுபடியும் அதையே அதே அளவில் சொல்கிறாய். நான், "செரி செரி, ஆயின்மெண்ட் தடவு, செரியாப் போயிரும்" என்கிறேன்.

இதுதான் சாமி என்னைப் பிடித்து ஆட்டுகிறது. லைன் சரியில்லை, இவள் மெதுவாகப் பேசுகிறாள், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றுதான் இத்தனை நாளும் நான் நம்பிக்கொண்டிருந்தேன். கேட்காதவன் ஆயின்மெண்ட் என்று எப்படிச் சொல்வான்? கேட்டிருக்கிறது.

மிச்சமிருந்த எட்டு வெட்டையும் பார்த்தேன். அந்த எட்டில் மெசின் மேல் தப்பில்லை. நெசமாகவே நீ பேசாமல் இருந்த இடம் அவை. எட்டும் நான் "அனுசரிச்சுப் போ" என்று சொன்னதற்கு அடுத்து வருகிறது. ஒன்றை மணி பார்த்தேன், பதினாலு செகண்டு. போனை வைத்துவிட்டாயோ என்று நான் அதிலும் ஹலோ ஹலோ என்று கத்துகிறேன்.

உங்கம்மா ஒரு நாள் மண்டிக்கு வந்தவள் கதவோரம் நின்று பதினேழாவதைக் கேட்டுவிட்டாள். ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போனாள். சோத்தைப் போட்டு மூடி வைக்கிறாள், என்னோடு பேச்சில்லை. உன் போனை எடுக்காததும் அதனால்தான். என்ன சொல்லிப் பேசுவது என்று தெரியவில்லையாம்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கணும். வக்கீல் சொல்கிறார், "இருபத்திமூணும் எதுக்குங்க? நீங்க அனுசரிச்சுப் போன்னு சொல்லாத கால் நாலு இருக்குது. அதை மட்டும் குடுத்தாப் போதும். மொத்தமும் போச்சுன்னா எதிர் வக்கீல் உங்களைக் கூண்டுல நிறுத்தி, பெத்த அப்பனே பெருசா எடுத்துக்கலையேன்னு கேப்பான். கேசு பலவீனமாயிரும்." அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எனக்கு மூட்டை கட்டத் தெரியும் சாமி. நல்ல சோளத்தை மேலே போட்டுப் பூச்சியடித்ததை அடியில் மறைக்கிற வேலை இது. முழுசாகக் குடுக்கத்தான் எனக்கு மனசு. என் மனசு ஆறணும் என்று முழுசாகக் குடுத்து, அதனால் நீ அந்த ஊட்டில் இருந்து விடுபடாமல் போய்விட்டால்? கேசு உன்னுது. நீ சொல்கிற மாதிரி செய்கிறேன். இந்தத் தடவை நீ சொல்கிறதைக் கேட்டுச் செய்கிறேன்.

அப்பா


மேட்டூர்
1-10-2024

அப்பாவுக்கு வணக்கம். நலம். அம்மா நேற்று எடுத்தாங்க. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம். வேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்க.

முழுசாகக் குடுங்க. நாலு கால் மட்டும் குடுத்தால் நான் நாலு தடவைதான் சொன்னேன் என்று ஆகிவிடும். நான் இருபத்திமூன்று தடவை சொன்னேன்.

அந்த எட்டு வெட்டையும் நீங்க கையால் சேர்க்கணும். முந்தின டிராக்கையும் அடுத்ததையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தால் 'சேர்' என்று வரும். சத்தமில்லாத இடத்தைக் கழிக்கிற டிக்கை எடுத்துவிடுங்க. இன்னொன்று, டிராக்குக்கும் டிராக்குக்கும் நடுவில் அது தானாக ரெண்டு செகண்டு மௌனம் சேர்க்கும். அதைப் பூஜ்யம் ஆக்குங்க. ஏற்கெனவே இருக்கிறது போதும். கோர்ட்டுக்கு எழுதிக் குடுக்கிற சான்றில் 'எதையும் வெட்டவில்லை, சேர்க்கவில்லை' என்று நீங்கதான் கையெழுத்துப் போடணும். அது உண்மையாக இருக்கட்டும்.

குழாய் விசயத்தை நீங்க கண்டுபிடிப்பீங்க என்று நான் நினைக்கவில்லை. அதைப் பற்றி இவ்வளவுதான் எழுத வருகிறது.

தனப்பிரியா


நாமக்கல்
27-10-2024

சாமிக்கு அப்பா எழுதுவது. இங்கு மழை பிடித்திருக்கிறது. சொகம். கோர்ட்டில் உன்னைப் பார்த்ததில் இளைத்துப் போயிருக்கிறாய் என்று உங்கம்மாவிடம் சொன்னேன். பதிலுக்கு என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாள், "பின்ன?" என்று. ரெண்டு மாசத்தில் முதல் வார்த்தை.

நீயும் அங்கேதான் இருந்தாய், நடந்ததை நான் எழுத வேண்டியதில்லை. ஆனாலும் நீ சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாய். என்ன காதில் விழுந்தது, என்ன விழவில்லை என்று எனக்குத் தெரியவில்லை.

பத்தாம் நம்பரைப் போட்டபோது "குழாயை நிறுத்து" என்று என் குரல் அந்த ஹால் முழுக்க இடித்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஜட்ஜம்மா சிரிக்கவில்லை. பதினொன்னைப் போடச் சொல்லி, "சத்தத்தைக் கூட்டுங்க" என்றார். முழுசாகக் கூட்டியாச்சுங்க என்றார்கள். அந்த அம்மா தன் நாற்காலியை ஸ்பீக்கர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்நியப் பொம்பளை. உன் குரல் கேட்கவில்லை என்றதும் அவர் செய்தது அது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ள எனக்கு ரெண்டு வருசம் இருந்தது.

எதிர் வக்கீல், நம்ம வக்கீல் சொன்ன மாதிரியேதான் கேட்டார். "மக சொன்னது நிசம்னா அன்னிக்கே ஏன் போய்க் கூட்டிட்டு வரலைங்க? அப்ப நீங்களே நம்பலைன்னுதானே அர்த்தம்?"

எனக்கு அன்றைக்கு வாய் எழும்பவில்லை. சத்தமாகப் பேசுங்க, சத்தமாகப் பேசுங்க என்று ஜட்ஜம்மா ரெண்டு தடவை சொன்னார். உனக்குக் கேட்டிருக்காது. அதனால் எழுதுகிறேன். "நம்புனேனுங்க. நம்பிட்டேன்னு காட்டுனா வண்டிய எடுக்கணும், ஊருக்குப் பதில் சொல்லணும், மக வாழாவெட்டியா வந்துட்டாளான்னு மண்டியில கேக்கறவனுக்குப் பதில் சொல்லணும். அதுக்குப் பயந்துக்கிட்டுக் காது கேக்காதவனாட்ட இருந்துட்டேனுங்க." இதுதான் சொன்னது.

வெளியே வந்தபோது நீ மேட்டூர் பஸ்ஸுக்கு நடந்துவிட்டாய். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னால் வந்தேன். வண்டியில் இல்லை, நடந்துதான். கூப்பிடவில்லை. நீ ஜன்னலோரம் உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

அப்பா


மேட்டூர்
17-2-2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். இங்கே அணைக்காற்று காலையில் இன்னும் குளிராகத்தான் இருக்கிறது. அம்மா முழங்காலுக்குப் போட்ட ஊசி பிடித்திருக்கிறது என்று சொன்னாங்க, சந்தோஷம். நாலு மாசமாக உங்களுக்கு எழுதவில்லை. ஐந்தாறு தடவை ஆரம்பித்தேன்.

தீர்ப்பு நகல் வந்துவிட்டது. விடுபட்டாச்சு. ஜட்ஜம்மா உங்க பதிலை ஒரு வார்த்தை விடாமல் அதில் எழுதியிருக்காங்க. அதை வைத்துத்தான் நான் சொன்னதெல்லாம் உண்மை என்று எடுத்துக்கொண்டாங்களாம். வக்கீலே ஆச்சரியப்பட்டார்.

அன்றைக்கு நீங்க சொன்னது எனக்குக் கேட்டதுங்க. முதல் தடவையே கேட்டது. நீங்க பஸ் ஸ்டாண்டு வரை நடந்து வந்ததும் தெரியும்.

முந்தாநாள் சனிக்கிழமை மண்டிக்குக் கூப்பிட்டது நான்தான். எடுத்து "சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திட்டீங்க. பின்னால் மூட்டை இறக்குகிற சத்தம், யாரோ ரேட் கேட்கிற சத்தம் எல்லாம் கேட்டது. நீங்க யாருக்கும் பதில் சொல்லவில்லை. நான் பேசட்டும் என்று நிற்கறீங்க என்று தெரிந்தது. எனக்குக் குரல் வரவில்லை. வைத்துவிட்டேன்.

அன்புச்செல்வியிடம் நன்றாகப் பேசறேன். கிளாஸில் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற மாதிரி பேசறேன். உங்ககிட்டப் பேச மட்டும் தண்ணிச் சத்தம் வேண்டியிருக்கிறது. இந்த வீட்டில் கதவுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. எனக்கு அது தெரியும். தெரிந்தும் வரமாட்டேங்குது. சரி, வெட்கத்தை விட்டு ஒரு தடவை என்று போனை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போய் நின்றேன். குழாயில் கையை வைத்தேன்.

திறக்கவும் கை வரலைங்க அப்பா. தண்ணி வீணாகப் போகுமே என்று.

தனப்பிரியா


நாமக்கல்
20-2-2025

சாமிக்கு,

அம்மா சொகம். நானும் இருக்கிறேன். உன் கடுதாசி இப்போதுதான் வந்தது, லாரியை வெளியில் நிறுத்தி வைத்துவிட்டு எழுதுகிறேன்.

மண்டிப் போனில் இருந்த பெட்டியைக் கழட்டிப் போட்டுவிட்டேன். இனி உன் பேச்சை எனக்காக ஒரு மெசின் கேட்டு வைக்க வேண்டியதில்லை. எந்நேரம் வேண்டுமானாலும் கூப்பிடு. நான் வாயைத் தெறக்க மாட்டேன்.

குழாயைத் தெறந்து உடு சாமி. முழுசாத் தெறந்து உடு. தண்ணி போனாப் போகுது.

அப்பா